முத்துப்பழனியை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

கேள்வி: சலங்கை (கும்பகோணம்)

அனைவருக்கும் வணக்கம். நான் கும்பகோணத்தில் இருபது ஆண்டுகளாகப் பரதநாட்டியம் கற்பித்து வருகிறேன். க்ஷேத்ரய்யரின் பதங்களை, அதாவது அபிநயத்துக்குரிய தெலுங்குக் காதல் பாடல்களைச் சொல்லிக்கொடுக்கும்போது ஒவ்வொரு தெலுங்குச் சொல்லுக்கும் கீழே பென்சிலால் தமிழில் பொருள் எழுதி வைத்துக்கொண்டு பாடம் நடத்துவது என் வழக்கம். தெலுங்கு எழுத்துக்கூட்டிப் படிப்பேன். காவியம் படித்து விளங்கிக்கொள்ளும் அளவுக்குப் பயிற்சி இல்லை.

சென்ற ஆராதனையின்போது திருவையாற்றில், தியாகராஜரின் சமாதிக்கு எதிரே இருக்கும் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாளின் நினைவிடத்தருகே சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த வயதான அம்மையார் ஒருவர், "இந்த அம்மாள் சாமிக்குக் கோயில் கட்டினது எல்லாருக்கும் தெரியும்மா, ஒரு புத்தகத்துக்காக அந்தக் காலத்துப் போலீஸை எதிர்த்து நின்றது எத்தனை பேருக்குத் தெரியும்?" என்று கேட்டார். அந்தப் புத்தகத்தை எழுதிய பதினெட்டாம் நூற்றாண்டுத் தெலுங்குக் கவிஞர் முத்துப்பழனியின் பெயரை அவர் வாயால்தான் முதன்முதலில் கேட்டேன். என் வீட்டிலிருந்து தஞ்சாவூர் அரண்மனைக்கு ஒரு மணி நேரப் பயணம். அங்கே வாழ்ந்து எழுதிய ஒருவரை இத்தனை ஆண்டுகள் அறியாமல் இருந்தது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

அதன்பின் தேடியதில் ஒரு பக்கம் அவரை ஆபாசமாக எழுதியவர் என்று ஒதுக்குகிறார்கள், மறுபக்கம் புரட்சிக்காரி என்று கொண்டாடுகிறார்கள். கவிதையைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவாகவே இருக்கிறார்கள். மராட்டிய அரசரின் அவையில், தமிழ் மண்ணில், தெலுங்கில் ஏன் எழுதினார்? அவர் இசையும் நடனமும் கற்றவர் என்றால், நாங்கள் மேடையில் எடுத்தாளத்தக்கதாக அவருடைய படைப்பில் ஏதேனும் உண்டா? அவரை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது? தெலுங்கு அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி: தென்பெண்ணை (ஓசூர்)

கும்பகோணம் ஆசிரியைக்கு வணக்கம். எங்கள் வீட்டில் பேசும் மொழி தெலுங்கு, பள்ளியில் படித்தது தமிழ். ஆகவே இரண்டு கரையிலும் நின்று பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். 'ராதிகா சாந்த்வனமு' என்னும் அவருடைய காவியத்தை அதன் அவதாரிகையிலிருந்து, அதாவது நம்முடைய பாயிரம் போன்ற முன்பகுதியிலிருந்து படிக்கத் தொடங்குங்கள். பலரும் அதைத் தாண்டி நேராகக் கதைக்குள் போய்விடுகிறார்கள். எனக்கு அந்தப் பகுதிதான் நூலின் திறவுகோலாகத் தோன்றுகிறது.

தெலுங்குப் பிரபந்தங்களில் அவதாரிகைக்கு வகுத்த முறை ஒன்று உண்டு. இஷ்டதெய்வத்தைத் துதிப்பார்கள், முன்னோர் கவிகளைப் போற்றுவார்கள், போலிக் கவிகளைப் பழிப்பார்கள், பிறகு நூலை யாருக்குச் சமர்ப்பிக்கிறார்களோ அவருடைய குலத்தையும் தம் குலத்தையும் விரித்துச் சொல்வார்கள். ஆண் கவிகள் இவ்விடத்தில் தந்தை, பாட்டன், முப்பாட்டன் என்று கோத்திரத்தோடு ஏறிச் செல்வார்கள். முத்துப்பழனியோ தம் பாட்டி தஞ்சநாயகியையும் தம் அத்தையையும் முன்னிறுத்தி, பெண்களின் வழியாகவே தம் கல்வியின் மரபைச் சொல்கிறார். குருவாக வீரராகவ தேசிகரைப் போற்றுகிறார். நூலை அரசருக்குச் சமர்ப்பிக்காமல் கிருஷ்ணனுக்கே சமர்ப்பிக்கிறார். தம் அழகையும் புலமையையும் தாமே பாடுகிறார். தம்மைப் போன்ற பெண்களில் வேறு யார் அறிஞர்களுக்குப் பொருள் கொடுத்துச் சிறப்பித்திருக்கிறார்கள், வேறு யாருக்குக் காவியங்கள் சமர்ப்பிக்கப்பட்டிருக்கின்றன என்று தலைநிமிர்ந்து கேட்கிறார்.

தமிழ் படித்தவர்களுக்கு இது முதலில் திகைப்பைத் தரும். பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையாகத் தம்மைச் சொல்லிக்கொண்ட கம்பரின் அவையடக்கத்தில் ஊறியவர்கள் நாம். ஆனால் தெலுங்கு அவையில் தன்னைச் சொல்லிக்கொள்வது கவிக்கு உரிய உரிமையாகவே இருந்தது. அந்த உரிமையை அவர் சிறிதும் தயங்காமல் எடுத்துக்கொண்டார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இனி, தெலுங்கு ஏன் என்ற கேள்வி. 1532 முதல் 1673 வரை தஞ்சையை ஆண்ட நாயக்கர்களின் அவையில் தெலுங்கே காவியத்துக்கும் நாடகத்துக்கும் உரிய மொழியாக விளங்கியது. 1676-இல் ஏகோஜி தஞ்சையில் மராட்டிய ஆட்சியைத் தொடங்கிய பின்னரும் அந்த நிலை மாறவில்லை. அவருடைய மகன் சகஜி தாமே தெலுங்கில் மேடைக்கான பிரபந்தங்களை இயற்றினார். அரண்மனையில் மராட்டியும், சாத்திரங்களில் சமஸ்கிருதமும், தெருவில் தமிழும், பாட்டிலும் கூத்திலும் தெலுங்கும் என்று நான்கு மொழிகள் ஒரே ஊரில் புழங்கின. மெலட்டூரில் இன்றும் தெலுங்கு நாடகங்களைப் பாகவத மேளமாக ஆடுகிறார்கள். பிரதாபசிம்மர் 1739 முதல் 1763 வரை ஆண்டார். முத்துப்பழனி அவருடைய அவையைச் சேர்ந்தவர். அவ்வரசர் மறைந்து நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் திருவாரூரில் தியாகராஜர் பிறக்கிறார். தியாகராஜரின் தெலுங்கு எந்த மண்ணில் முளைத்தது என்பதை எண்ணிப் பார்க்கும்போது, அதற்கு முந்திய தலைமுறையில் அதே மண்ணில் நின்று எழுதிய இந்தப் பெண்ணையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

அவையில் எழுதிய பெண்களில் அவர் முதல்வரும் அல்லர். ரகுநாத நாயக்கரின் அவையில் ராமபத்ராம்பா சமஸ்கிருதத்தில் 'ரகுநாதாப்யுதயம்' பாடினார். விஜயராகவ நாயக்கரின் காலத்தில் ரங்காஜம்மா தெலுங்கில் 'மன்னாருதாச விலாசம்' இயற்றினார். பிரபந்தம் பாடுவதும் அவையில் அதற்குரிய பரிசு பெறுவதும் அந்த அரண்மனையில் பெண்களுக்கு நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பழகிப்போன ஒன்று. அந்தச் சூழலில் வைத்துப் பார்த்தால்தான் அவருடைய தன்னம்பிக்கையின் வேர் நமக்குப் புலப்படுகிறது.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நூலில் நான்கு பகுதிகள், 584 பாடல்கள். சுகர் ஜனகருக்குச் சொல்வதாகக் கதை அமைந்திருக்கிறது. ராதை தான் வளர்த்து ஆளாக்கிய இளாதேவியைக் கிருஷ்ணனுக்கு மணம் செய்து வைக்கிறாள். மணம் முடிந்தபின் கிருஷ்ணன் புதியவளிடமே தங்கிவிட, தானே முன்னின்று நடத்திய திருமணம் தன்னையே சுடுவதை உணர்ந்து ராதை அழுகிறாள், சினக்கிறாள், ஏசுகிறாள். கடைசியில் கிருஷ்ணன் வந்து அவளைத் தேற்றுகிறான். தலைப்பில் உள்ள 'சாந்த்வனமு' என்ற சொல்லுக்குத் தேற்றுதல் என்பதே பொருள்.

ஒரே ஓர் இடத்தை மட்டும் நெருங்கிப் பார்ப்போம். மணமகளிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ராதை கிருஷ்ணனுக்குச் சொல்லும் பாடல் அது. "இப்படிச் செய், அப்படிச் செய்து அவளை அச்சுறுத்தாதே" என்ற ஒரே வாய்பாட்டில் அறிவுரைகள் வரிசையாக வருகின்றன. வளர்த்தவளின் பரிவு ஒவ்வொன்றிலும் தெரிகிறது. ஆனால் பாட்டின் முடிவில் குரல் திடீரென்று உடைந்துவிடுகிறது. இதையெல்லாம் உன்னிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேனே, நான்தான் பேதை. அவளோடு இருக்கும்போது என் சொற்கள் உனக்கு நினைவில் இருக்கவா போகின்றன என்று முடிக்கிறாள். அதுவரை தாயின் இடத்தில் நின்று பேசியவள், அந்த ஓரிடத்தில் காதலியின் இடத்துக்கு வந்து விழுகிறாள். முதன்முறை அந்த முடிவைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் சும்மா இருந்தேன். இந்தப் பாடலைக் காமம் என்ற ஒற்றைச் சொல்லால் ஒதுக்கியவர்கள் கடைசி அடி வரை படித்திருப்பார்களா என்ற ஐயம் இன்றும் எனக்கு உண்டு.

மறுமொழி: பழம்பதிப்பு (சென்னை)

பழைய அச்சுநூல்களைத் தேடிச் சேகரிப்பது என் ஈடுபாடு. எனவே நூலின் கதைக்கு அப்பால், நூல் அச்சான வரலாற்றைச் சொல்கிறேன். தென்பெண்ணை ஐயா அவதாரிகையைப் பற்றிச் சொன்னதற்கும் இதற்கும் நேரடியான தொடர்பு இருக்கிறது.

தெலுங்கு இலக்கியத்தைத் தேடித் தொகுத்த ஆங்கிலேய அதிகாரி சி. பி. பிரவுனோடு பணியாற்றிய பைடிபாடி வேங்கடநரசு என்பவர் 1887-இல் இந்தக் காவியத்தை உரையோடு பதிப்பித்தார். பிற்காலத்தில் நாகரத்தினம்மாள், தஞ்சை இலக்கியத்தைப் பற்றிய ஒரு நூலில் இக்காவியம் பாராட்டப்பட்டிருப்பதைக் கண்டு, அரும்பாடுபட்டு அப்பதிப்பைத் தேடிப் பெற்றார். அதன்பின் ஓலைச்சுவடி ஒன்றும் அவர் கைக்கு வந்தது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது அச்சுப் பதிப்பில் பல பாடல்கள் விடுபட்டிருப்பதை அவர் கண்டார். அவற்றோடு சேர்ந்து, முத்துப்பழனி தம் பாட்டியையும் அத்தையையும் பாடும் அவதாரிகையும் விடுபட்டிருந்தது.

இவ்விடத்தில் வாசகர்கள் சற்று நிற்க வேண்டும். சிருங்காரப் பாடல்களை, அதாவது காதல்சுவைப் பாடல்களை நீக்கியதற்கு அக்காலத்து நாணத்தைக் காரணமாகச் சொல்லிவிடலாம். ஒரு பெண் தன் பாட்டியின் பெயரைச் சொன்ன பாடல்களில் எந்த ஆபாசமும் கிடையாது. அவை இல்லாமல் நூலை எடுத்தவர்களுக்கு, இதை எழுதியவர் கற்ற குடும்பத்தில் பிறந்தவர் என்பதோ, எழுதியவர் பெண் என்பதோகூட மங்கலாகத்தான் தெரிந்திருக்கும்.

நாகரத்தினம்மாள் விடுபட்டவற்றையெல்லாம் சேர்த்து, 1910-இல் சென்னை வாவிள்ள ராமஸ்வாமி சாஸ்திருலு நிறுவனத்தின் வழியாக முழு நூலையும் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. கச்சேரி மேடைகளில் பெரும்புகழ் பெற்றிருந்த பாடகி அவர். தேர்ந்த பண்டிதர்கள் செய்ய வேண்டிய பாடபேத ஒப்பீட்டை ஒரு பாடகி தனியாக உட்கார்ந்து செய்து முடித்தார். முன்னுரையில், எத்தனை முறை படித்தாலும் மீண்டும் படிக்கத் தூண்டும் நூல் இது என்றும், ஒரு பெண் எழுதியது, அதிலும் தம்முடைய தேவதாசிக் குலத்தில் பிறந்தவர் எழுதியது என்பதால் இதைப் பதிப்பிக்க வேண்டும் என்று தமக்குத் தோன்றியது என்றும் பொருள்பட எழுதினார்.

எதிர்ப்பு உடனே எழுந்தது. தெலுங்கு நாட்டின் பெரும் சீர்திருத்தவாதியான கந்துகூரி வீரேசலிங்கம் தம்முடைய கவிஞர் வரலாற்றில், இந்நூலின் பல பகுதிகள் பெண்ணின் செவியில்கூட விழத்தகாதவை, பெண்ணின் வாயிலிருந்து வந்திருக்கவே கூடாதவை என்று கடிந்திருந்தார். நாணம் பெண்களுக்கு மட்டும்தான் இயல்பா, ஆண் கவிகளுக்கு அது வேண்டாமா என்று நாகரத்தினம்மாள் திருப்பிக் கேட்டார். வீரேசலிங்கம் தாமே ஒப்புதல் அளித்த 'வைஜயந்தி விலாசம்' இதைக் காட்டிலும் மிகுந்த சிருங்காரம் கொண்டதல்லவா என்றும் சுட்டிக்காட்டினார். 1911-இல் அரசின் மொழிபெயர்ப்பாளர் இந்நூலின் சில பகுதிகளை ஆபாசம் எனக் காட்ட, சென்னைப் போலீஸார் பிரதிகளைப் பறிமுதல் செய்தார்கள். வேறு சில பழைய சிருங்கார நூல்களும் அதே நடவடிக்கையில் சிக்கின. பண்டிதர்கள் பலர் மனுக் கொடுத்தும் பயன் விளையவில்லை.

தடை நீங்க 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சென்னை மாகாணத்தின் பிரதமராக (இன்றைய முதலமைச்சர் போன்ற பதவி) இருந்த டங்குடூரி பிரகாசம் தடையை விலக்கி, தெலுங்கு இலக்கியத்தின் ஆரத்தில் உதிர்ந்த சில முத்துகளை மீண்டும் கோப்பதாகக் கூறினார். வாவிள்ள நிறுவனத்தின் புதிய பதிப்பு 1952-இல் வெளிவந்தது. அதே ஆண்டு மே மாதத்தில் நாகரத்தினம்மாள் காலமானார். நாற்பது ஆண்டுகளுக்குமேல் அவர் மனத்தில் சுமந்த நூல் அது.

மறுமொழி: வெண்ணாறு (தஞ்சாவூர்)

மேலே எழுதிய இருவருக்கும் நன்றி. இரண்டு செய்திகளில் மட்டும் சிறிது நிதானம் வேண்டும் என்று கருதுகிறேன்.

முதலாவது, வீரேசலிங்கத்தைப் பற்றியது. 1881-இல் ராஜமகேந்திரவரத்தில் விதவைத் திருமணத்தை நடத்தி வைத்து, அதற்காக ஊராரின் பகையைத் தாங்கியவர் அவர். பெண் கல்விக்காகவும் உழைத்தவர். பெண்கள் படிக்க வேண்டும் என்று உண்மையாகவே போராடிய ஒருவரால், தமக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் படித்து, காவியம் பாடி, அவையில் அமர்ந்த ஒரு பெண்ணை ஏற்க முடியாமல் போனது. குடும்பப் பெண், தாசி என்ற பிரிவினை அவர் கண்களை மறைத்தது. அவருடைய தொண்டைக் குறைக்காமலே இதைச் சொல்ல முடியும், சொல்லவும் வேண்டும்.

இரண்டாவது, இணையத்தில் அடிக்கடி காணும் ஒரு விளக்கம். தஞ்சநாயகியும் பிரதாபசிம்மரின் அன்புக்கு உரியவராக இருந்தவர். ஆகவே பாட்டிதான் ராதை, பேத்திதான் இளாதேவி, அரசர்தான் கிருஷ்ணன் என்று காவியத்தையே குடும்பக் கதையாக்கிவிடுகிறார்கள். வாழ்க்கையின் நிழல் கவிதையில் விழுந்திருக்கலாம். ஆனால் அந்தச் சமன்பாட்டைப் போட்டதும் வாசகர் படிப்பதை நிறுத்திவிட்டு ஊர்வம்பு பேசத் தொடங்கிவிடுகிறார். கிருஷ்ணதேவராயரின் அவையில் இருந்த நந்தி திம்மனா, 'பாரிஜாதாபஹரணமு' காவியத்தில் தன் காலில் விழுந்த கிருஷ்ணனின் தலையைச் சத்தியபாமை இடக்காலால் உதைப்பதாகப் பாடினார். அதற்கும் அரசரின் அந்தப்புரத்தோடு தொடர்புபடுத்தும் கதை ஒன்று வழங்குகிறது. ஆயினும் திம்மனாவை யாரும் அந்தக் கதையோடு நிறுத்திவிடுவதில்லை. அவருடைய இனிய நடையைப் பற்றித்தான் நீண்ட நேரம் பேசுகிறார்கள். முத்துப்பழனிக்கும் அந்த மரியாதை உரியது.

கேட்டவர்: சலங்கை

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. பாட்டியின் பெயரைத் தாங்கிய பாடல்களே விடுபட்டிருந்த செய்தியைப் படித்தபின் என்னால் அன்று வகுப்பு எடுக்க இயலவில்லை. எங்கள் கலையும் அப்படிப் பாட்டியிடமிருந்து பேத்திக்கு வந்ததுதான். இன்று மேடையில் ஆடுகிறவர்களில் எத்தனை பேருக்குத் தம் அபிநயம் எந்தப் பெண்களின் கூடத்திலிருந்து வந்தது என்று தெரியும்?

ராதை கிருஷ்ணனுக்கு அறிவுரை கூறும் பாடலைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இருபது ஆண்டுகளாகக் கண்டிதா நாயகியைக் கற்பிக்கிறேன். அவள் எப்போதும் கதவடைத்து நிற்பவளாக, கணவனின் மார்பிலுள்ள குறிகளைக் கண்டு ஏசுபவளாகத்தான் எங்கள் பாடத்தில் வருகிறாள். தானே அலங்கரித்து அனுப்பிவிட்டு, அனுப்பிய நொடியிலேயே உடைகிற நாயகியை நான் அபிநயித்ததே இல்லை. அப்பாடலை மேடைக்குக் கொண்டுவர வழி உண்டா? அவர் ஆண்டாளையும் தெலுங்கில் பாடியதாக எங்கோ படித்தேன், அது உண்மையா?

மறுமொழி: தென்பெண்ணை

திருப்பாவையை அவர் தெலுங்கில் தந்ததாகவும், ஏழடிப் பாட்டுகளாகிய 'சப்தபதமுலு' இயற்றியதாகவும் இலக்கிய வரலாறுகளில் குறிப்பு உண்டு. கிருஷ்ணனை நாயகனாகக் கொண்டு பெண் குரலில் பாடிய ஒருவர் ஆண்டாளிடம் போனது எனக்கு மிக இயல்பாகவே தோன்றுகிறது. அவர் பெயரே பழனியைச் சுமந்திருக்கிறது. தமிழ் ஒலிக்கும் தெருக்களில் வளர்ந்தவரின் காதில் திருப்பாவை மார்கழிதோறும் விழாமல் இருந்திருக்காது.

மேடையைப் பற்றி: 'ராதிகா சாந்த்வனமு' பதங்களின் தொகுப்பாக அமையவில்லை. அது பத்திய காவியம், அதாவது செய்யுளால் ஆன காவியம். பல்லவி, சரணம் என்ற கட்டமைப்பை அதில் எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் தெலுங்கில் பத்தியம் என்பது கண்ணால் மட்டும் படிக்கும் செய்யுளாக என்றைக்கும் இருந்ததில்லை. ஆந்திரத்து நாடக மேடையில் இன்றும் சீசம் என்னும் வகைப் பத்தியத்தைத் தாளமின்றி ராகத்தில் நீட்டிப் பாடுவார்கள். அவையோர் மீண்டும் பாடச் சொல்லிக் கேட்பார்கள். நீங்கள் விருத்தம் பாடி அபிநயிக்கும் முறைக்கு அது மிக நெருங்கியது. ஆகவே க்ஷேத்ரய்யரின் பதம் ஒன்றைத் தொடங்குவதற்கு முன், அதே ராகத்தில் இந்தப் பத்தியத்தை விருத்தமாகப் பாடச் செய்து அபிநயியுங்கள். முதல் அடிகளில் அவசரம் வேண்டாம். ஒவ்வொரு அறிவுரைக்கும் தாயின் முகமே இருக்கட்டும், கையும் அவளுடைய பரிவையே காட்டட்டும். முடிவில் 'நான் பேதை' என்னும் பொருள் வரும் இடத்தில் பாடகர் குரலைத் தாழ்த்தி நிறுத்த வேண்டும். அந்த நிறுத்தத்தில் நீங்கள் கையை அசைக்காமல் பார்வையை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைக்கிறேன். நடனம் அறியாதவன் சொல்கிறேன், தவறாயின் பொறுத்தருள்க.

அவதாரிகையில் தஞ்சநாயகியைப் பாடும் பகுதியையும், இந்தப் பத்தியத்தையும் தமிழ் எழுத்தில் பெயர்த்து, சொல்லுக்குச் சொல் பொருளுடன் இந்த வாரத்துக்குள் இங்கே பதிவிடுகிறேன். தமிழில் ஒரே எழுத்தாக வரும் தெலுங்கு வர்க்க எழுத்துகளின் வெவ்வேறு ஒலிகளுக்கு எண் குறியிட்டுத் தருகிறேன். உச்சரிப்பில் ஐயம் இருந்தால் கேளுங்கள்.

கேட்டவர்: சலங்கை

காத்திருக்கிறேன், ஐயா. பாடலை எந்த ராகத்தில் வைப்பது என்று எங்கள் பாடகியோடு பேசினேன். அவர் பைரவி என்கிறார், எனக்கு முகாரி என்று தோன்றுகிறது. நீங்கள் பதிவிட்ட பிறகு இரண்டிலும் பாடிப் பார்த்து முடிவு செய்கிறோம். வரும் ஆண்டு வகுப்பின் விழாவில் முதலில் அவதாரிகைப் பகுதியைத் தமிழில் வாசித்துவிட்டு, அதன்பின் ஆடப்போகிறோம்.